சாம்பியன்ஷிப் சீசன் நெருங்குகிறது: நீச்சல் பிள்ளைகளின் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மாநில மீட் (நீச்சல் போட்டி) தேதி தெரிந்த நாளிலிருந்து குளத்தங்கரை கேலரியில் பேச்சே மாறிவிடும். போன வாரம் வரை சாம்பார் பொடி பற்றிப் பேசிக்கொண்டிருந்த அம்மாக்கள் டைமிங் பேசுவார்கள். அப்பாக்கள் கையில் ஸ்டாப்வாட்ச் வந்துவிடும். பிள்ளைகள் மட்டும் கொஞ்சம் அமைதியாகிவிடுவார்கள். பத்து முதல் பதினேழு வயது வரை போட்டிக்கு நீந்தும் பிள்ளைகளின் வீட்டார் வருஷா வருஷம் என்னிடம் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். நான் சென்னையில் பயிற்சி தருகிறேன், அதனால் உதாரணங்கள் பெரும்பாலும் இந்தப் பக்கத்தவை.

சீசன் என்றால் எந்த மாதங்கள்? எப்போதிலிருந்து தயாராக வேண்டும்?

சப் ஜூனியர், ஜூனியர் நேஷனல்ஸ் பெரும்பாலும் ஜூன் முதல் ஆகஸ்ட்டுக்குள் நடக்கும். அதற்கு ஆள் எடுக்கும் மாநில மீட் சில வாரம் முன்னால் வரும். பள்ளிகளுக்கான மீட்கள் அதையடுத்து.

கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். மீட்டுக்கு முந்தைய இரண்டு வாரம் டேப்பர், அதாவது பயிற்சியைக் குறைக்கும் காலம். அதற்கு முன் ஆறு, ஏழு வாரம் ரேஸ் வேகத்துக்கான உழைப்பு. அதற்கும் முன் இரண்டு மூன்று மாதம் அடித்தளம். ஜூன் மீட்டுக்குப் பொங்கல் முடிந்த கையோடு வேலை தொடங்கினால்தான் சரியாக வரும். மே மாதம் வந்து, "ஒரே மாசத்துல ரெடி பண்ணிடுங்க சார்" என்று கேட்டால் முதலில் அடிவாங்குவது பிள்ளையின் தோள்பட்டை.

காலை ஐந்து மணிக்கு எழுப்பினால் அழுகிறான். ஆர்வம் போய்விட்டதா?

அவன் முந்தின இரவு எத்தனை மணிக்குத் தூங்கினான் என்பதை முதலில் பாருங்கள். ஆறிலிருந்து பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ஒன்பது மணி நேரத்துக்குக் குறையாமல் தூக்கம் வேண்டும், பதின்ம வயதில் எட்டிலிருந்து பத்து. டியூஷன் முடிந்து ஒன்பது மணிக்கு வீடு வந்து, சாப்பிட்டு, ஹோம்வொர்க் முடித்து, பதினொன்றுக்குப் படுக்கும் பையன் ஐந்து மணிக்கு அழாமல் இருந்தால்தான் ஆச்சரியம். அது ஆர்வக் குறைவு இல்லை, தூக்கக் கடன். வாரத்தில் ஆறு காலையை நான்காக்கி, அந்த நான்கையும் முழுத் தூக்கத்தோடு வரச் செய்த பிள்ளைகள் முன்னேறுவதைத்தான் நான் பார்க்கிறேன்.

நன்றாகத் தூங்கியும், பை மாட்டும்போதே வயிறு வலிக்கிறது, தலை வலிக்கிறது என்று நாள்தோறும் சொன்னால் அது வேறு விஷயம். குளத்தில் ஏதோ சரியில்லை. லேனில் யாராவது கேலி செய்யலாம், பயிற்சியாளரைக் கண்டு பயம் இருக்கலாம், தோள் வலியை மறைக்கலாம். உட்காரவைத்து விசாரிப்பதைவிட, வண்டியில் போகும்போது பேச்சோடு பேச்சாகக் கேட்டால் பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள்.

"மெடல் வாங்கணும்" என்று சொல்லிச் சொல்லி உற்சாகப்படுத்துகிறோம். சரிதானே?

ஆசை இருக்கட்டும். ஆனால் தினமும் அதையே சொல்லாதீர்கள். பக்கத்து லேனில் யார் வந்து நிற்பார், அவர் எப்படி நீந்துவார் என்பது உங்கள் பிள்ளையின் கையில் இல்லை. கையில் இல்லாத ஒன்றை இலக்காக வைத்தால் பயம்தான் வரும். அவளுடைய டைமிங் அவள் கையில் இருக்கிறது. அதைவிட, அந்த டைமிங் எந்த இடத்திலிருந்து வரும் என்பது இன்னும் அதிகமாக அவள் கையில் இருக்கிறது.

ஒரு கணக்கு. 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலை 1:06.8க்கு நீந்தும் பெண் 1:05க்குள் வர விரும்புகிறாள். 1.8 விநாடி குறைய வேண்டும். "இன்னும் வேகமாப் போ" என்றால் அவளுக்கு எதுவும் புரியாது. வீடியோவை வைத்துக்கொண்டு அவளோடு உட்கார்ந்தால் தெரியும்: டைவ் அடித்ததும் தண்ணீருக்கடியில் இரண்டு கிக் அடித்துவிட்டு அவசரமாக மேலே வந்துவிடுகிறாள். டர்னுக்கு முந்தின இரண்டு கைவீச்சில் தலையைத் தூக்கிச் சுவரைப் பார்க்கிறாள். முடிக்கும்போது கடைசி அரை மீட்டரைக் கை வீசாமல் மிதந்து தொடுகிறாள். இந்த மூன்றிலேயே ஒரு விநாடி இருக்கிறது. மீதியை உடம்பு பயிற்சியில் கொடுக்கும். இப்போது அவளுக்கு இன்று மாலை செய்ய ஒரு வேலை கிடைத்துவிட்டது: ஒவ்வொரு சுவரிலும் தலையைத் தூக்காமல் திரும்புவது. ஒரு செஷனில் நாற்பது, ஐம்பது முறை சுவரைத் தொடுவாள். ஒவ்வொன்றிலும் ஜெயித்தோமா இல்லையா என்பது அவளுக்கே தெரியும்.

இதனால்தான் என் குழுவில் எல்லோரிடமும் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கும். அன்றைய முக்கிய செட் (ஒரே தூரத்தைத் திரும்பத் திரும்ப நீந்தும் பயிற்சி), ஒரு டைமிங், ஒரு கைவீச்சு எண்ணிக்கை, ஒரு வரி. ஒரு பையனின் நோட்டில், "8×50. முதல்ல 44 ஸ்ட்ரோக், கடைசில 41. டைம் அதே. தோள் வலிக்கல" என்று பார்த்தேன். எழுத்து ஈரத்தில் கலங்கியிருந்தது. அந்த மூன்று ஸ்ட்ரோக்கை அவன் தானாகக் கண்டுபிடித்தான். அடுத்த நாள் அவனை நான் தள்ள வேண்டியிருக்கவில்லை.

இந்த அற்ப சொற்பங்கள் பெரிய மேடையிலும் இப்படித்தான் எண்ணப்படுகின்றன. நெய்வேலியில் வளர்ந்த சாஜன் பிரகாஷ் 2021 ஜூனில் ரோமில் 200 மீட்டர் பட்டர்ஃப்ளையை 1:56.38ல் முடித்தார். நேரடியாக ஒலிம்பிக் போகவைக்கும் ஏ தகுதி நேரம் 1:56.48. நூற்றில் பத்துப் பங்கு விநாடி. அந்தத் தகுதியை எட்டிய முதல் இந்திய நீச்சல் வீரர் அவர்தான். அடுத்த நாளே பெங்களூருவின் ஸ்ரீஹரி நடராஜ் அதே ரோமில் 100 மீட்டர் பேக் ஸ்ட்ரோக்கை 53.77ல் நீந்தினார், தகுதி நேரம் 53.85. பிள்ளைகளிடம் இதைச் சொல்லிவிட்டு, "இப்ப அந்த டர்னைத் திரும்பப் போடு" என்றால் மறுபேச்சு வராது.

மகளுக்கு 13 வயது. ஒரு வருஷமாக டைமிங் குறையவே இல்லை. மனம் உடைந்துவிட்டாள். என்ன செய்வது?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் செலவழிக்கிறேன், ஏனென்றால் நல்ல நீச்சல் பெண்கள் பலரை நாம் இந்த வயதில்தான் இழக்கிறோம்.

பத்து, பதினொன்றில் உயரம் கூடக் கூட டைமிங் தானாகக் குறைந்துகொண்டே வரும். மீட்டுக்கு மீட் சொந்த சாதனை. அப்புறம் பருவம் வருகிறது. இடுப்பு அகலமாகிறது, எடை கூடுகிறது, தண்ணீரில் உடம்பு மிதக்கும் விதமே மாறுகிறது. நேற்று வரை பழகிய ஸ்ட்ரோக் இன்று புதிய உடம்புக்குப் பொருந்தவில்லை. ஒரு வருஷம், சிலருக்கு இரண்டு வருஷம், டைமிங் அப்படியே நிற்கும், சமயத்தில் கூடவும் செய்யும். இது இயல்பு. இதை யாரும் முன்கூட்டியே சொல்லாததால், பிள்ளை தன்னிடம்தான் குறை என்று நினைத்துக்கொள்கிறாள்.

முதலில் அவளிடம் இதை இப்படியே சொல்லுங்கள். இரண்டாவது, அவள் அதிகம் நீந்தாத ஸ்ட்ரோக்கிலோ தூரத்திலோ ஒரு போட்டியில் பெயர் கொடுங்கள். 50, 100 மட்டுமே நீந்தியவள் 200 மெட்லி (நான்கு ஸ்ட்ரோக்கும் சேர்ந்த போட்டி) போட்டால் அங்கே பழைய டைமிங் பாரம் கிடையாது. மூன்றாவது, ஒரு ரத்தப் பரிசோதனை. நம் ஊரில் பதின்ம வயதுப் பெண்களுக்கு இரும்புச்சத்துக் குறைவு மிகச் சாதாரணம். சோர்ந்து வரும் பெண்ணைச் சோம்பேறி என்று சொல்வதற்கு முன் ஹீமோகுளோபின் பாருங்கள்.

இன்னொன்று, வேண்டிக் கேட்கிறேன். அவள் எடையைப் பற்றி வீட்டில் யாரும் பேசக் கூடாது. தாத்தா பாட்டி, சித்தி, பெரியம்மா உட்பட. நீச்சல் உடையில் அத்தனை பேர் முன்னால் நிற்கும் பெண்ணுக்கு அந்த ஒரு வார்த்தை போதும், குளத்துக்கே வராமல் போய்விடுவாள்.

மாதவிடாய் நாளில் மீட் வந்தால்?

நீந்தலாம். தேவையானதைப் பற்றி அம்மாவோ அக்காவோ சில மாதம் முன்பே பேசி, வீட்டில் பழகிப் பார்த்துவிட வேண்டும். மீட் அன்று முதல் முறையாக எதையும் முயல வேண்டாம். வலி அதிகமென்றால் மருத்துவரிடம் போங்கள். பயிற்சியாளரிடம் சொல்லப் பெண் கூச்சப்பட்டால், "இன்னிக்கு லைட்டா பண்றேன் சார்" என்ற ஒரு வரியே போதும், நாங்கள் மேற்கொண்டு கேட்க மாட்டோம்.

அவன் வயதுப் பையன் ஒருவன் அரை குளம் முன்னால் போகிறான். என் மகனுக்குத் திறமை இல்லையோ?

அந்தப் பையனுக்கு மீசை அரும்பிவிட்டதா என்று பாருங்கள். போட்டியில் வயதுப் பிரிவுகளைப் பிரித்திருப்பது பிறந்த தேதியை வைத்துத்தான், வளர்ச்சியை வைத்து அல்ல. பன்னிரண்டு வயதில் ஒருவன் அஞ்சேமுக்கால் அடி, இன்னொருவன் நாலேமுக்கால். நீளமான கை, பெரிய பாதம் இருந்தால் சுமாரான டெக்னிக்கிலும் ஜெயிக்கலாம். பதினாறில் மற்றவர்களும் வளர்ந்துவிடுவார்கள், அப்போது டெக்னிக் உள்ளவன் மேலே வருவான்.

சின்ன வயதிலேயே சாதித்தவர்கள் உண்டு. நம் குற்றாலீஸ்வரன் 1994ல் 12 வயதில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார், அந்த ஒரே ஆண்டில் ஆறு நீரிணைகளை நீந்தி கின்னஸில் இடம்பெற்றார். பெங்களூருவின் தினிதி தேசிங்கு 14 வயதில் பாரிஸ் ஒலிம்பிக்கில் நீந்தினார். ஆனால் சாஜன் அந்த ஏ தகுதியை எட்டியபோது அவருக்கு 27 வயது, அதற்கு முன் கழுத்து வட்டு விலகி நீந்த முடியாமல் இருந்த காலம் ஒன்றையும் தாண்டியிருந்தார். உங்கள் மகன் எந்த வகை என்று பன்னிரண்டில் எந்தப் பயிற்சியாளராலும் சொல்ல முடியாது. சொன்னால் நம்பாதீர்கள்.

எங்கள் ஊரில் 25 மீட்டர் குளம்தான். வேளச்சேரி வந்தால் பிள்ளை பாதியில் தளர்ந்துவிடுகிறான்.

இது மனத் தளர்ச்சி அல்ல, பழக்கம். 25 மீட்டர் குளத்தில் ஒவ்வொரு 25க்கும் ஒரு சுவர், ஒரு தள்ளு, ஒரு சின்ன ஓய்வு. 50 மீட்டரில் அது பாதியாகிவிடும். முப்பத்தைந்தாவது மீட்டரில் கை கனக்கும்போது, "நாம அவ்வளவுதான்" என்று பிள்ளை முடிவு கட்டிவிடுகிறான். ஊர்க் குளத்திலேயே, சுவரைத் தொடாமல் அதற்கு முன்பே திரும்பி, தள்ளாமல் நீந்தும் செட்களைப் போடச் சொல்லுங்கள். முடிந்தால் மீட்டுக்கு இரண்டு நாள் முன்பே வந்து குளத்தில் இறங்கட்டும். வேளச்சேரி குளம் 1995 தெற்காசியப் போட்டிக்காகக் கட்டியது, கேலரியும் நீளமும் முதல்முறை பார்க்கும் பிள்ளையைக் கொஞ்சம் மிரட்டும். வார்ம் அப்பில் பழகிவிட்டால் ஹீட்ஸில் (முதல் சுற்றில்) மிரள மாட்டான்.

காசு, செல்போன் என்று பரிசு சொல்லி ஊக்கப்படுத்தலாமா?

வேண்டாம். இந்த மீட்டுக்கு வேலை செய்யும், அடுத்த மீட்டுக்கு விலை ஏறும். சீசன் முடிந்ததும், ஜெயித்தாலும் தோற்றாலும், குடும்பத்தோடு எங்காவது போய் வாருங்கள். அது பரிசு அல்ல, ஓய்வு.

கண்டிப்பு இல்லாமல் வராது, ரெண்டு அடி போட்டாலும் பரவாயில்லை என்கிறார் என் மாமனார். உங்கள் கருத்து?

அடிக்கும் பயிற்சியாளரிடமிருந்து பிள்ளையை அன்றே கூட்டி வந்துவிடுங்கள். கிக்போர்டால் தலையில் தட்டுவது, மற்றவர்கள் முன்னால் "குண்டு" என்பது, தண்டனையாகக் கூடுதல் லேப் போடவைப்பது, எல்லாமே இதில் சேரும். நீச்சலைத் தண்டனையாக்கிவிட்டு நீச்சலை விரும்பு என்றால் எந்தப் பிள்ளையால் முடியும்? கண்டிப்பு என்றால் நேரத்துக்கு வருவது, செட்டை முடிப்பது, அடுத்தவர் லேனை மதிப்பது. இதைக் கை ஓங்காமல், குரல் உயர்த்தாமல் செய்யலாம். தினமும் செய்கிறோம்.

உற்சாகத்துக்காக விளையாட்டு வையுங்கள், ரிலே, வாட்டர் போலோ, எதுவானாலும். ஒன்றே ஒன்று கூடவே கூடாது: வேகவேகமாக மூச்சை இழுத்து விட்டுவிட்டு, யார் அதிக நேரம் தண்ணீருக்குள் இருப்பது என்ற பந்தயம். மூச்சு முட்டுகிறது என்ற எச்சரிக்கையே வராமல் நீருக்கடியில் மயக்கம் வந்துவிடும். நன்றாக நீந்துபவர்களும் இப்படி இறந்திருக்கிறார்கள்.

பத்தாவது, பன்னிரண்டாவது வருஷம் நிறுத்திவிடலாமா?

முழுக்க நிறுத்தியவர்கள் திரும்பி வருவது கஷ்டம். வாரத்துக்கு மூன்று நாள், ஒரு மணி நேரம் என்று குறைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர்ப் பிடிப்பு போகாது, படித்துக் களைத்த தலைக்கும் நல்லது. பொதுத்தேர்வு முடிந்து ஏப்ரலில் மறுபடி ஏற்றலாம். கல்லூரிச் சேர்க்கையில் விளையாட்டு ஒதுக்கீடு இருக்கிறது, சான்றிதழ்களைப் பத்திரமாக வையுங்கள். அதற்காக மட்டுமே நீந்த வைத்தால் பிள்ளைக்கு அது தெரிந்துவிடும்.

மீட் நெருங்கும்போது கோச் பயிற்சியைக் குறைக்கிறார். இப்போதுதானே கூட்ட வேண்டும்?

இதுதான் டேப்பர். மாதக்கணக்கில் உழைத்த உடம்பில் களைப்பு தேங்கியிருக்கும். கடைசி இரண்டு வாரம் தூரத்தைப் படிப்படியாகப் பாதியளவுக்குக் குறைத்து, வேகத்தை மட்டும் குறைக்காமல் வைத்தால் களைப்பு வடிந்து உழைத்த பலன் மேலே வரும். இந்த நாட்களில் சில பிள்ளைகளுக்கு உடம்பு மந்தமாகத் தோன்றும், சிலர் துருதுருவென்று வீட்டில் சண்டை போடுவார்கள். இரண்டும் சகஜம். பயந்துபோய் வேறு குளத்தில் ரகசியமாக எக்ஸ்ட்ரா செஷன் போடவைக்காதீர்கள். மிச்சமாகும் நேரத்தில் கிரிக்கெட்டும் வேண்டாம், தூங்கட்டும்.

மீட் அன்று என்ன சாப்பாடு? புரோட்டீன் பவுடர்?

பழகிய சாப்பாடு. ரேஸுக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன் இட்லி, கொஞ்சம் சாம்பார். நடுவில் வாழைப்பழம், கடலை மிட்டாய். மதியம் ரசம் சாதமோ தயிர் சாதமோ, வயிறு முட்டாமல். குளத்திலேயே இருந்தாலும் வேர்க்கும், தண்ணீர் பாட்டில் கையிலேயே இருக்கட்டும்.

பவுடர், மாத்திரை எதையும் மருத்துவரைக் கேட்காமல் தராதீர்கள். ஊக்கமருந்துச் சோதனை சிறுவர்களுக்கும் உண்டு. சாதாரண சளி மாத்திரை சிலவற்றில் இருக்கும் சூடோஎஃபெட்ரின்கூடப் போட்டி நாளில் அளவுக்கு மேல் இருந்தால் தடைசெய்யப்பட்டது.

விலை உயர்ந்த ரேசிங் சூட் வாங்கினால் தன்னம்பிக்கை வரும் என்கிறாள்.

வளரும் பிள்ளைக்கு அடுத்த சீசனில் அது நுழையாது. அவளுடைய டர்ன் சரியாகட்டும், பிறகு பார்க்கலாம். அந்தப் பணத்தில் நல்ல கண்ணாடி இரண்டு வாங்குங்கள், ஒன்று பழகியது, ஒன்று மாற்று.

பயிற்சியில் பிரமாதமாக நீந்துகிறான். பிளாக்கில் (பாயும் மேடையில்) ஏறினால் கை நடுங்குகிறது.

நடுங்கட்டும். உடம்பு தயாராகிறது என்று அர்த்தம். "டென்ஷன் ஆகாதே" என்று சொல்லாதீர்கள், அதுவே ஒரு டென்ஷன். அந்த நேரத்தில் செய்ய ஒரு வரிசை கொடுங்கள்: கண்ணாடி, தொப்பி சரிபார்ப்பது, கையை உதறுவது, மூன்று நிதானமான மூச்சு, முதல் டர்னை மட்டும் மனதில் ஓட்டுவது. இதைப் பயிற்சியிலும் ஒவ்வொரு டைம் டிரையலுக்கும் முன் செய்திருந்தால்தான் மீட்டில் கைகொடுக்கும்.

2008 பெய்ஜிங்கில் மைக்கேல் ஃபெல்ப்ஸுக்கு 200 மீட்டர் பட்டர்ஃப்ளையில் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்து சுவரே தெரியவில்லை. கைவீச்சை எண்ணிக்கொண்டு நீந்தி, 1:52.03ல் உலக சாதனையோடு முடித்தார். எண்ணுவது அவருக்குப் பழக்கமாக இருந்தது. நோட்டில் ஸ்ட்ரோக் எண்ணிக்கையை எழுதச் சொல்வதற்கு இன்னொரு காரணம் இதுவும்தான்.

டிக்யூ (தகுதி நீக்கம்) ஆகிவிட்டால் எப்படிச் சமாளிப்பது?

ஐந்து நிமிஷம் அழ விடுங்கள். பிறகு எந்த விதி என்று பயிற்சியாளர் விளக்கட்டும். சின்னப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் பிரெஸ்ட் ஸ்ட்ரோக், பட்டர்ஃப்ளையில் இரண்டு கையும் ஒரே நேரத்தில் சுவரைத் தொடாததும், தொடக்க ஒலிக்கு முன் பாய்வதும்தான். இரண்டையும் ஒரு வாரத்தில் திருத்திவிடலாம். நடுவரிடம் போய்ச் சண்டை போடும் அப்பாவைப் பார்த்து வெட்கப்பட்ட பிள்ளைகள்தான் அந்த டிக்யூவை ரொம்ப நாள் சுமக்கிறார்கள்.

ரேஸ் முடிந்து வந்ததும் என்ன சொல்ல வேண்டும்?

சுவரைத் தொட்டதும் பிள்ளைகளின் கண் எங்கே போகிறது என்று கவனித்திருக்கிறேன். ஸ்கோர் போர்டுக்குப் போகும், உடனே கேலரிக்குப் போகும், அம்மா முகம் எப்படி இருக்கிறது என்று பார்க்க. உங்கள் முகம்தான் முதல் விமர்சனம். அதைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். கையில் டவலும் தண்ணீரும் கொடுங்கள். "பசிக்குதா?" என்று கேளுங்கள். டெக்னிக் பேச எங்களுக்கு விடுங்கள். வண்டியில் வீடு போகும் வழியில் ரேஸைப் பற்றி அவளாக ஆரம்பித்தால் பேசுங்கள், இல்லையென்றால் பாட்டுப் போடுங்கள்.

சீசன் நடுவில், "எனக்கு ஸ்விம்மிங் வேண்டாம்" என்கிறாள். விட்டுவிடலாமா?

ஒரு வாரம் லீவு கொடுங்கள், நிபந்தனை இல்லாமல். பெயர் கொடுத்த மீட்டை முடித்துவிட்டு முடிவு செய்யலாமா என்று கேளுங்கள். அப்போதும் வேண்டாம் என்றால் விடுங்கள், கோபப்படாமல். கோபமில்லாமல் போன பிள்ளைக்குத் திரும்பி வரக் கதவு திறந்திருக்கும். 2008ல் 16 வயதில் ஒலிம்பிக் போன வீர்தவல் காடே 2010 ஆசியப் போட்டியில் வெண்கலம் வாங்கினார், பிறகு மகாராஷ்டிராவில் தாசில்தார் வேலைக்குப் போய் சில ஆண்டுகள் குளத்தை விட்டு விலகியிருந்தார். திரும்பி வந்து 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் நான்காவது. வெண்கலத்துக்கும் அவருக்கும் நடுவே இருந்தது நூற்றில் ஒரு பங்கு விநாடி.

நேஷனல்ஸுக்கு மகன் தேர்வாகவில்லை. அவன் நண்பர்கள் போகிறார்கள். இப்போது என்ன?

நண்பர்களை வழியனுப்ப ஸ்டேஷனுக்கு வருகிறாயா என்று கேளுங்கள், கட்டாயப்படுத்த வேண்டாம். பத்து நாள் ஓய்வு. அதன்பின் நோட்டை எடுத்து, ஜனவரியில் எழுதிய முதல் டைமிங்கையும் மாநில மீட் டைமிங்கையும் அவனே பக்கத்தில் பக்கத்தில் எழுதட்டும். வரப்போகும் பள்ளி மீட்டுக்கு எந்த இரண்டு போட்டி என்பதையும் அவனே தேர்ந்தெடுக்கட்டும். அந்தத் தாளோடு அவனை என்னிடம் அனுப்புங்கள், நீங்கள் கேலரியிலேயே இருங்கள். அவனும் நானும் பேசிக்கொள்கிறோம்.